'ரீசெட்' செய்ததில் கமிட்டுகள் போய்விட்டனவா?

கேள்வி: கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவி) ஒரு கமிட் (அதில் சேமித்த ஒரு பதிவு) பின்னால் போக எண்ணி 'ரீசெட் ஹார்ட்' கொடுத்தபோது, தவறான இடத்தைக் குறிப்பிட்டுவிட்டேன். பல நாள் கமிட்டுகள் லாக்கில் தெரியவில்லை. கமிட் செய்யாத சில மாற்றங்களும் மறைந்துவிட்டன. மீட்க முடியுமா?

பதில்: கமிட் செய்தவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். 'ரீசெட்' உங்கள் பிராஞ்ச் (வேலையின் கிளை) எந்தக் கமிட்டைச் சுட்டுகிறது என்பதைத்தான் மாற்றியதே தவிர, கமிட்டுகளை அழிக்கவில்லை. ஆனால் பதற்றத்தில் அந்தக் கோப்புறையை நீக்கிவிட்டு மறுபடி குளோன் செய்துவிடாதீர்கள் (சர்வரிலிருந்து புதிதாக நகலெடுக்காதீர்கள்); மீட்புக்கு ஆதாரமான ரீஃப்லாக் (நகர்வுகளின் பதிவேடு) உங்கள் கணினியில் மட்டுமே இருக்கிறது, குளோனில் அது வராது.

'கிட் ரீஃப்லாக்' என்று கொடுத்தால், ஹெட் (நீங்கள் இப்போது இருக்கும் கமிட்டைக் காட்டும் சுட்டி) இதுவரை நின்ற இடங்கள் புதியதிலிருந்து பழையதாக வரிசையாக வரும். மேல் வரியில் 'ரீசெட்' என்று இருந்தால், அதற்கு அடுத்த வரியின் தொடக்கத்திலுள்ள ஹாஷ்தான் (கமிட்டின் அடையாளக் குறி) நீங்கள் தேடுவது. இன்னொரு ரீசெட் செய்வதைவிட, அந்த ஹாஷில் புதிய பிராஞ்ச் ஒன்றை உருவாக்கிப் பார்ப்பதே நல்லது என்பேன். தாமதிக்க வேண்டாம்: எந்தப் பிராஞ்சிலிருந்தும் எட்ட முடியாத கமிட்டுகளின் பதிவுகளை கிட் இயல்பாக 30 நாட்களே வைத்திருக்கும்.

கமிட் செய்யாத மாற்றங்களின் கதி, அவற்றை 'ஆட்' செய்திருந்தீர்களா (அடுத்த கமிட்டுக்கெனச் சேர்த்திருந்தீர்களா) என்பதைப் பொறுத்தது. செய்திருந்தால் உள்ளடக்கம் பிளாப் ஆக (கோப்புப் பெயரில்லாத வெறும் உள்ளடக்கமாக) கிட்டில் சேமிக்கப்பட்டிருக்கும்; கிட்டின் சேமிப்பைச் சோதிக்கும் 'கிட் எஃப்எஸ்சிகே' கட்டளையை 'லாஸ்ட்-ஃபவுண்ட்' தெரிவுடன் இயக்கினால், அத்தகைய பிளாப்கள் டாட்-கிட் கோப்புறைக்குள் 'லாஸ்ட்-ஃபவுண்ட்' என்பதன் கீழ் 'அதர்' என்ற இடத்தில் எழுதப்படும். கோப்புப் பெயர்கள் இருக்கமாட்டா. நினைவிலுள்ள ஒரு ஃபங்ஷன் பெயரைக் கொண்டு 'கிரெப்' (கோப்புகளுக்குள் சொல் தேடும் கட்டளை) செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும். 'ஆட்' செய்யாதவற்றின் பிரதி கிட்டிடம் இல்லை; கோப்பு எடிட்டரில் இன்னும் திறந்திருந்தால் அன்டூ செய்து பாருங்கள், விஎஸ் கோட் பயன்படுத்துபவராயின் அதன் டைம்லைன் பகுதியையும் பாருங்கள்.

கேள்வி: ஸ்டாஷில் (கமிட் செய்யாத மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் இடம்) வைத்திருந்ததை 'ஸ்டாஷ் டிராப்' கொடுத்து நீக்கிவிட்டேன்; எப்படி மீட்பது?

பதில்: டிராப் செய்தபோது டெர்மினலில் அந்த ஸ்டாஷின் ஹாஷ் அச்சாகியிருக்கும், மேலே நகர்த்தி அதை எடுத்து, 'ஸ்டாஷ் அப்ளை' கட்டளையுடன் கொடுத்தால் போதும். டெர்மினலை மூடிவிட்டீர்கள் என்றால், 'கிட் எஃப்எஸ்சிகே' காட்டும் அநாதைக் கமிட்டுகளில் 'டபிள்யூஐபி ஆன்' என்று செய்தி தொடங்குபவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.