ரோல் கேஜில் ஆன்டெனா: எஸ்டபிள்யூஆர் 3-க்கு மேல், பேசினால் ரேடியோ அணைகிறது

நண்பரே, வண்டியின் ரோல் கேஜில் (வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டு) ஆன்டெனா, ஃபைபர் கூரை, 25 வாட் விஎச்எஃப் ரேடியோ செட், சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மின்சாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு பவர் திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) 3-க்கு மேல் போகிறது, பேசினால் செட் அணைகிறது என்கிறீர்கள். இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

பேசும்போது செட் அணைவது வயரிங்கால்தான். பிடிடியை (பேச அழுத்தும் பொத்தானை) அழுத்தினால் அது 5, 6 ஆம்பியர் இழுக்கும். லைட்டர் சாக்கெட்டின் மெல்லிய வயரில் வோல்டேஜ் சரிந்துவிடும். 4 சதுர மில்லிமீட்டர் வயரை பேட்டரியிலிருந்தே நேராக இழுங்கள். 10 ஆம்பியர் ஃப்யூஸ் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். செட்டுக்குப் பக்கத்தில் போட்டால், வழியில் வயர் உரசித் தகரத்தில் பட்டால் காப்பாற்ற ஒன்றுமில்லை. இந்த மாதிரி வண்டியில் எல்லாமே உரசும்.

அடுத்து, எஸ்டபிள்யூஆரை ஏற்றிவிடும் ஆன்டெனா. கால் அலை விப்புக்கு (அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள கம்பி ஆன்டெனாவுக்கு) அடியில் உலோகப் பரப்பு வேண்டும். ஃபைபர் கூரையில் அது கிடையாது, கேஜ் குழாய் மட்டும் போதாது. அடியில் உலோகத் தளம் தேவைப்படாத அரை அலை ஆன்டெனாவுக்கு மாறுவதே எளிது. இருப்பதையே வைத்துக்கொள்வதானால், ஒரு மீட்டர் சதுர அலுமினியத் தகடு கூரைமேல் போட்டு நடுவில் பொருத்துங்கள். ஆன்டெனா பிராக்கெட் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டாமல் போல்ட் போட்டால் எர்த் கிடைக்காது. பலருக்கும் கோளாறு இதுதான்.

145 மெகாஹெர்ட்ஸுக்கு விப் சுமார் 49 செ.மீ. கொஞ்சம் நீளமாகவே விட்டு, 3 மி.மீ. வீதம் நறுக்கி ஒவ்வொரு முறையும் எஸ்டபிள்யூஆர் மீட்டரைப் பாருங்கள். கீழ் அலைவரிசையில் எஸ்டபிள்யூஆர் குறைவாகவும் மேலே கூடுதலாகவும் காட்டினால் இன்னும் நறுக்கலாம். தலைகீழாக இருந்தால் கத்தரியைக் கீழே வையுங்கள். அதுவரை குறைந்த பவரில் மட்டும் பேசுங்கள்.