பரணில் கிடக்கும் பைண்டுகள்

கேள்வி: வாரத்துக்கு மூன்று நாவல் படிப்பேன். கிளை நூலகத்தில் எடுத்த பழைய தொடர்கதை ஒன்றின் கடைசிப் பக்கங்களை யாரோ கிழித்துவிட்டார்கள். வேறு இரண்டு நூலகங்களிலும் தேடினேன், இல்லை. வீட்டில் புத்தகம் வைக்க இடமும் இல்லை. பரணில் மாமியார் வார இதழ்த் தொடர்களைச் சேர்த்துத் தைத்த பைண்டுகள் கிடக்கின்றன. அவருக்குக் கண் மங்கிவிட்டது, இனி யாருக்கும் பயனில்லை. பழைய பேப்பர் கடையா, நூலகமா?
- வாசகி, திருச்சி

பதில்: இரண்டும் இல்லை. 'கண் மங்கிவிட்டது' என்று ஒரே வரியில் தாண்டிப் போகிறீர்களே, எந்த டாக்டரிடம் காட்டினீர்கள்? கண்புரை என்றால் அறுவை செய்து சரிசெய்யலாம். அரசு மருத்துவமனையில் காசு கேட்க மாட்டார்கள். கண் நீர் அழுத்தம் என்றால் போன பார்வை திரும்பாது. மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும். கடைசிப் பக்கங்களுக்காக மூன்று நூலகம் ஏறி இறங்கிய கால், மாமியாரைக் கூட்டிக்கொண்டு ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போகாதா? மருமகள் வாரம் மூன்று நாவல் படிப்பதைக் குறை சொல்லாத மாமியார் எத்தனை வீட்டில் இருக்கிறார்? உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு புகாரும் இல்லை.

பைண்டை இறக்கும்போது முதுகைப் பிடித்து இழுக்காதீர்கள், அடியில் கை கொடுத்துத் தாங்குங்கள். வார இதழ்த் தாள் மலிவான மரக்கூழ்த் தாள். பழுப்பேறிவிட்டால் அப்பளமாக நொறுங்கும். மொட்டை மாடியில் காயப்போட்டால் இன்னும் சீக்கிரம் போய்விடும். ஃபேனை நிறுத்திவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். கிழிசலில் செல்லோடேப் ஒட்டவே கூடாது. பசை மஞ்சளாகித் தாளையும் கெடுத்துவிடும். இரண்டு தலையணைக்கு நடுவே பாதி மட்டும் திறந்து வைத்து, பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுங்கள். ஓவியம், துணுக்கு, பற்பசை விளம்பரம் எதையும் விடாதீர்கள். புத்தகமாக வரும்போது பெரும்பாலும் இவையெல்லாம் போய்விடுகின்றன. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினால் மாமியாரே சில வரி படித்தாலும் படிப்பார்.

கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்பவர் சேர்த்து வைத்த பழைய புத்தகங்களும் இதழ்களும்தான் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. உங்கள் வீட்டு பைண்டுகளையும் கொடுக்கலாம்தான். ஆனால் அது மாமியார் சொத்து, அவராகச் சொல்லட்டும்.

அதுவரை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் அத்தியாயம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அதற்கும் முன்னால், நீங்கள் தேடி அலைகிற கதையின் பெயரைச் சொல்லி முடிவு என்ன என்று கேளுங்கள். வாராவாரம் காத்திருந்து படித்தவர். மறந்திருந்தாலும், எந்த பைண்டில் இருக்கிறது என்று சொல்வார்.