மாசக் கடைசியிலும் சத்தாகச் சாப்பிட: கேள்வி பதில்

கேள்வி: வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ரெண்டு பிள்ளைங்க. 20 தேதிக்கு மேல சோறும் ரசமும்தான். பருப்பு வாங்கக் கட்டுப்படியாகலை மேடம்.

பதில்: ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். ஆனா கார்டுக்கு மாசம் ஒரு கிலோதான். நாலு பேருக்குப் பங்கு போட்டா ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம். அதை ரசத்துல கரைச்சா வாசம்தான் மிஞ்சும். அதனால துவரம்பருப்பையே நம்பாதீங்க. கொள்ளு, தட்டைப்பயறு, வேர்க்கடலை மூணையும் சம்பளம் வந்ததுமே வாங்கிப் போடுங்க, காய்கறி மாதிரி அழுகிப் போகாது. 30 கிராம் கடலையில ஏறக்குறைய ஒரு முட்டை அளவு புரதம் இருக்கு. மாசக் கடைசியில ரசத்தோட கொள்ளுத் துவையல், இட்லிக்குத் தேங்காயைக் குறைச்சுக் கடலைச் சட்னி. சிறுதானியம்னு சொல்லி தினை, சாமைக்குச் செலவு பண்ண வேண்டாம். கேழ்வரகும் கம்பும் போதும்.

கேள்வி: பையன் ரொம்ப ஒல்லி. பால்ல கலக்குற சத்து பவுடர் டப்பாவை நிறுத்தலாமா?

பதில்: தாராளமா. டப்பா பின்னாடி சர்க்கரை எவ்வளவுன்னு படிச்சுப் பாருங்க, நீங்களே நிறுத்திடுவீங்க. அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்க. அரசுப் பள்ளின்னா சத்துணவு முட்டையை அவன் சாப்பிடுறானா, பக்கத்துல இருக்கிறவனுக்குக் கொடுத்துடுறானான்னும் கேளுங்க.

கேள்வி: ஆப்பிள் வாங்க முடியலையேன்னு மனசு கஷ்டமா இருக்கு.

பதில்: கொய்யா வாங்குங்க. வைட்டமின் சி-யில ஆப்பிள் அதுக்குக் கிட்டவே வராது.

கேள்வி: மனைவிக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்காங்க. தினமும் முருங்கைக்கீரை கொடுத்தா மாத்திரையை விட்டுடலாமா சார்?

பதில்: நான் சார் இல்லைங்க, மேடம்தான்! மாத்திரையை விடக்கூடாது. கீரை துணைக்குத்தான். அதுல இருக்கிற இரும்பு உடம்புல சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருக்கட்டும். சாப்பிட்ட கையோட டீ வேண்டாம், ஒரு மணி நேரமாவது போகட்டும். அப்புறம், உங்க வீட்டுல கடைசியா சாப்பிடுறது யாரு? குழம்புல அடியில கிடக்கிறதும் சட்டி ஒட்டின சோறும் அவங்களுக்குன்னா, எந்தக் கீரையும் பத்தாது. முட்டையைப் பங்கு வைக்கும்போது அவங்க பங்கை முதல்ல எடுத்து வைங்க.

கேள்வி: மீன்னா வஞ்சிரம்தான் நல்லதாமே?

பதில்: விலையில மட்டும். மத்தி வாங்குங்க, ஒமேகா-3ங்கிற நல்ல கொழுப்பு அதுல நிறைய.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை. அவங்களுக்குத் தனியா சமைக்கக் காசும் இல்லை, நேரமும் இல்லை.

பதில்: தனிச் சமையலே வேண்டாம். எல்லாருக்கும் வைக்கிற குழம்புதான். சோற்றை மட்டும் ஒரு கரண்டி குறைச்சு, அந்த இடத்துல பொரியலோ சுண்டலோ வைங்க. மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறாங்கன்னா, சோற்றைக் குறைக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க.