மகள் ஆடட்டுமா, நடிக்கட்டுமா?

கேள்வி: நாங்கள் கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் இருபது வருஷமாகக் குடியிருக்கிறோம். மகளுக்கு 19 வயது. ஏழு வயதிலிருந்து நடனம் கற்கிறாள். போன மாதம் ஒரு வங்காளப் படத்தில் கதாநாயகிக்குத் தங்கையாக நடிக்கக் கூப்பிட்டார்கள். அவளுக்கு ரொம்ப ஆசை. நடன டீச்சரோ, "ஷூட்டிங் போனால் என் வகுப்புப் பக்கம் வராதே" என்கிறார். என் கணவர், "ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வேண்டாம், ஒன்றை விடு" என்கிறார். தினமும் சண்டை. நான் யார் பக்கம் பேசுவது? (பெயர் வேண்டாம்)

பதில்: நீங்கள் மகள் பக்கம்தான் பேச வேண்டும். ஏன் என்று சொல்வதற்கு வெளியூர் உதாரணம்கூட எனக்குத் தேவையில்லை, உங்கள் ஊரிலேயே ஒருவர் இருக்கிறார். மமதா சங்கர். 1976இலிருந்து நடிக்கிறார், ஆடுகிறார், ஆடவும் சொல்லித் தருகிறார். மூன்றில் எதையும் விடவில்லை. 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதை நடிகைக்குக் கொடுத்தார்களா, நடனக்காரிக்குக் கொடுத்தார்களா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

"அவர் பெரிய நடனக் கலைஞர் உதய் சங்கரின் மகள், நாம் அப்படியா?" என்று உங்கள் கணவர் உடனே கேட்பார். கேட்கட்டும், நியாயமான கேள்விதான், அதைக் கடைசியில் பார்ப்போம். ஆனால் அந்த வீட்டில் நடந்ததைக் கொஞ்சம் பாருங்கள். உதய் சங்கர் இமயமலைப் பக்கம் அல்மோராவில் கலை மையம் நடத்தியபோது பரதம் சொல்லிக் கொடுக்க நம் கந்தப்ப பிள்ளையை, பாலசரஸ்வதியின் குருவை, அழைத்துக்கொண்டு போனார். பக்கத்திலேயே கதகளி, மணிப்புரி. அந்த மையத்தை மூடிய பிறகு மனுஷர் எங்கே போனார் தெரியுமா? சென்னைக்கு. ஜெமினி ஸ்டூடியோவில் 'கல்பனா' என்று முழுக்க முழுக்க நடனத்தாலேயே ஒரு படம் எடுத்தார். 1948இல் வந்தது. மனைவி அமலா சங்கர்தான் கதாநாயகி, நம்ம பத்மினி முதன்முதலில் திரையில் ஆடியதும் அதில்தான். படம் ஓடவில்லை, அது வேறு கதை. நாட்டியம் உசத்தி, சினிமா மட்டம் என்ற உங்கள் டீச்சரின் கணக்கை அந்த வீட்டில் மமதா பிறப்பதற்கு ஏழு வருஷம் முன்பே கிழித்துப் போட்டுவிட்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

மமதாவின் முதல் படம் வங்காள இயக்குநர் மிருணாள் சென்னின் 'மிருகயா'. மிதுன் சக்கரவர்த்திக்கும் அதுதான் முதல் படம். பழங்குடிக் கிராமத்துப் பெண் வேஷம். பிறகு அதே மிருணாள் சென் 1979இல் எடுத்த 'ஏக் தின் பிரதிதின்'. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு நடுத்தரக் குடும்பத்தில் சம்பாதிக்கிற ஒரே ஆள் மூத்த மகள். ஒரு நாள் ராத்திரி அவள் வீட்டுக்கு வரவில்லை, அவ்வளவுதான் கதை. தங்கை பதறுகிறாள், தம்பி தேடி அலைகிறான், குடித்தனக்காரர்கள் ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள். அந்த மூத்த மகள்தான் மமதா. யோசித்துப் பாருங்கள், படம் முழுக்க இவளைப் பற்றித்தான் பேச்சு, இவள் திரையில் இருப்பது கொஞ்ச நேரம். கடைசியில் வந்து நிற்கிறாள். எங்கே போயிருந்தாள் என்று படம் சொல்வதேயில்லை. வீட்டார் முகங்களைப் பார்த்தபடி அவள் அங்கே நிற்க வேண்டும், அந்த நிற்பதிலேயே எல்லாம் வர வேண்டும். சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று ஆடுகிறவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

1982இல் 'காரிஜ்'. வேலைக்கு வைத்திருந்த சின்னப் பையன் குளிருக்குப் பயந்து அடுப்படியில் படுத்து, புகையில் மூச்சு முட்டிச் செத்துப்போகிறான். அந்த வீட்டு எஜமானியம்மா வேஷம், பாத்திரத்தின் பெயரும் மமதாதான். நடனக்காரியை நடிக்கக் கூப்பிட்டுவிட்டு ஒரு பாட்டுக்குக்கூட ஆட விடவில்லையே என்று எனக்கு முதலில் தோன்றியது. பிறகு சத்யஜித் ராயின் கடைசிப் படமான 'ஆகந்துக்' பார்த்தேன், 1991. அதில் அனிலா என்ற குடும்பத்தலைவி. பல வருஷம் காணாமல் போயிருந்த மாமா திடீரென்று வந்து இறங்குகிறார், நிஜ மாமாதானா, ஏமாற்றுக்காரனா என்று கணவனுக்குச் சந்தேகம். முடிவுக்குச் சற்று முன்னால் சாந்தால் பழங்குடிப் பெண்கள் கைகோத்து வரிசையாக ஆடுகிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் அனிலா மெல்ல அந்த வரிசையில் போய்ச் சேர்ந்துகொள்கிறாள். உதய் சங்கர் மகள் நினைத்தால் அங்கே எப்படியெல்லாம் ஆடியிருக்கலாம்! ஆடவில்லை. பிறந்ததிலிருந்து ஆட்டத்திலேயே வளர்ந்த கால்கள் ஒரு இல்லத்தரசியின் கால்களாக மாறி, அந்த எளிய அடியோடு சேர்ந்துகொள்கின்றன. தெரிந்த வித்தையைக் காட்டாமல் இருக்கவும் தெரிந்திருக்கிறது பாருங்கள். நடனம் அவருக்குச் சினிமாவில் அப்படித்தான் உதவியது.

படங்களுக்கு நடுவே அவர் சும்மா உட்காரவில்லை. சொந்தமாக நடனக் குழு, 'உதயன்' என்று ஒரு பள்ளி, அதிலேயே வருஷக்கணக்கில் பயிற்சியும் மேடையும். அதனால் படம் வராத காலத்தில் யார் கூப்பிடுவார்கள் என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிலைமை அவருக்கு இல்லை, பிடித்ததை மட்டும் செய்ய முடிந்தது. 2022இல் 'பிரஜாபதி' வந்தது. 46 வருஷம் கழித்து மிதுனோடு மறுபடி நடித்தார், கதாநாயகி வயதெல்லாம் தாண்டிய பிறகு.

இப்போது உங்கள் கணவரின் கேள்வி. ஆமாம், அவருக்கு வீட்டுப் பெயர் இருந்தது, மிருணாள் சென்னும் ராயும் கூப்பிட்டார்கள். உங்கள் மகளைக் கூப்பிட்டிருப்பது யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன், நடனத்தை விடவே கூடாது. பெயர் இல்லாதவர்களுக்குத்தான் இரண்டாவது கால் அதிகம் தேவை. ஒரு படம் என்றால் சில வாரம், முடிந்ததும் வகுப்புக்குத் திரும்பிவிடலாம். இந்தத் தங்கை வேஷத்தைப் பார்த்துவிட்டு நாளைக்கு யாராவது தினசரி சீரியலுக்குக் கூப்பிடுவார்கள், அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் காலையில் போய் ராத்திரி வந்தால் பயிற்சி செய்ய உடம்பில் என்ன மிச்சம் இருக்கும்? அதற்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

டீச்சரிடம் நீங்கள் போகாதீர்கள், மகளே போகட்டும். எந்தெந்தத் தேதியில் வர முடியாது, விட்ட பாடத்தை எப்போது வந்து படிப்பாள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டட்டும். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும். இறங்கவில்லையென்றால், பன்னிரண்டு வருஷப் பழக்கம், வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் கொல்கத்தாவில் நடனம் சொல்லித்தர வேறு ஆள் இல்லையா என்ன?

அப்புறம், படக் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அன்று உங்கள் கணவரையே மகளோடு அனுப்புங்கள். மொத்தம் எத்தனை நாள், சம்பளம் எப்போது, ராத்திரி ஷூட்டிங் என்றால் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவது யார் என்று அவர் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வரட்டும். ஆறு, சேறு எல்லாம் மறந்துபோய் அன்று முழுக்க அந்தத் தாளையே படித்துக்கொண்டிருப்பார்.