லிவ் ஆட்டக்காரருக்கு மேஜரில் என்ன வேலை? – கேள்வி பதில்

2024 ஜூனில், அமெரிக்காவின் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்தில் பிரைசன் டிஷாம்போ யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்றார். ரோரி மெக்கில்ராய் ஒரே ஒரு ஷாட்டில் கோட்டை விட்டார். டிஷாம்போ சவூதி முதலீட்டு நிதியின் காசில் நடக்கும் லிவ் கோல்ஃபின் ஆள். அங்கே போனதால், வாராவாரம் போட்டி நடத்தும் பிஜிஏ டூரில் அப்போது அவருக்கு இடமில்லை. யு.எஸ். ஓப்பனோ மேஜர், அதாவது கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று. ‘அப்புறம் எப்படி மேஜரில் ஆடினார்?’ என்பதில் ஆரம்பித்து, தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்.

மன்னார்குடி: தடை செய்யப்பட்டவரை யு.எஸ். ஓப்பனில் எப்படி ஆட விட்டார்கள் சார்?

தடை செய்தது ஒருவர், ஆட விட்டது வேறொருவர். இது புரிந்துவிட்டால் பாதிச் சண்டை தெளிந்துவிடும்.

மேஜர் நான்கு, அதற்கு வீட்டுக்காரரும் நான்கு பேர். மாஸ்டர்ஸ் அகஸ்டா நேஷனல் கிளப்புடையது. யு.எஸ். ஓப்பன் யுஎஸ்ஜிஏ என்ற அமெரிக்க கோல்ஃப் சங்கத்துடையது. பிரிட்டனில் நடக்கும் ஓப்பன், ஆர் அண்ட் ஏ என்ற அமைப்புடையது. பிஜிஏ சாம்பியன்ஷிப், பிஜிஏ ஆஃப் அமெரிக்காவுடையது. பெயர் ஒட்டியிருப்பதால் ஏமாறாதீர்கள்: பிஜிஏ ஆஃப் அமெரிக்கா வேறு, பிஜிஏ டூர் வேறு. 1968-லேயே இரண்டும் பாகப்பிரிவினை செய்துகொண்டன. முன்னது கிளப்புகளில் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர்களின் சங்கம். பின்னது வாராவாரம் போட்டி நடத்தும் ஆட்டக்காரர்களின் அமைப்பு. பிஜிஏ டூருக்கு ஒரு மேஜர்கூடச் சொந்தமில்லை.

லிவின் முதல் போட்டி 2022 ஜூன் 9 அன்று லண்டன் பக்கத்தில் சென்டூரியன் கிளப்பில் தொடங்கியது. அன்றைக்கே டூர் தலைவர் ஜே மோனஹன், அதில் ஆடிய தன் உறுப்பினர்கள் 17 பேரை இடைநீக்கம் செய்தார். ஜூன் 16-ல் புரூக்லைனில் யு.எஸ். ஓப்பன். ‘ஏற்கெனவே தகுதி பெற்றவர்களைத் திருப்பி அனுப்ப மாட்டோம்’ என்றது யுஎஸ்ஜிஏ. பிறந்தநாளும் அதுவுமாக ஃபில் மிக்கெல்சன் அங்கே இறங்கினார். கட் தாண்டவில்லை, அது வேறு விஷயம்.

நாகப்பட்டினம்: கட் என்றால் என்ன?

நான்கு நாள் ஆட்டத்தில் இரண்டு நாள் முடிந்ததும் பின்தங்கியவர்களை வீட்டுக்கு அனுப்புவது. மாஸ்டர்ஸில் முதல் 50 இடம், யு.எஸ். ஓப்பனில் 60, மற்ற இரண்டில் 70. கடைசி இடத்தில் சமநிலையில் நிற்பவர்களும் சேர்த்தி.

திருத்துறைப்பூண்டி: லிவ் ஆட்டத்துக்குப் பல வருடம் உலகத் தரவரிசைப் புள்ளி கிடையாதாமே. புள்ளி இல்லாமல் மேஜருக்கு எப்படி உள்ளே போனார்கள்? விவரமாகச் சொல்லுங்கள் ஐயா.

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. தரவரிசை இரண்டு வருடக் கணக்கு. ஒரு போட்டியில் வாங்கிய புள்ளி முதல் 13 வாரம் முழுசாக நிற்கும். பிறகு 91 வாரம், வாரத்துக்கு ஒரே அளவாகத் தேய்ந்து பூஜ்யமாகிவிடும். மிஞ்சியிருக்கும் மொத்தத்தை ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். ஆனால் வகுக்கும் எண் 40-க்குக் கீழே போகக் கூடாது. லிவ்காரரை அறுத்தது இந்த விதிதான். இரண்டு வருடத்தில் எட்டு மேஜர் மட்டும் ஆடி எல்லாவற்றிலும் நன்றாக வந்தாலும், எட்டால் வகுக்க மாட்டார்கள், நாற்பதால்தான். அப்போது புது வரவு இல்லை, பழைய இருப்பு வாராவாரம் கரைந்தது, வகுக்கும் எண்ணும் பெரிசு. எப்பேர்ப்பட்ட ஆளும் மளமளவென்று சறுக்கினார்.

லிவ் 2022-ல் புள்ளி கேட்டு விண்ணப்பித்தது; 2023 அக்டோபரில் தரவரிசை அமைப்பினர் கைவிரித்தார்கள். ‘மற்றப் போட்டிகள்போல 72 இல்லாமல் 54 ஹோல் (குழி)தானே ஆடினார்கள், அதனால்தான்’ என்று பலர் நினைக்கிறார்கள். அது முக்கியக் காரணமே இல்லை. 48 பேர் கொண்ட மூடின வட்டம், வெளியிலிருந்து ஆள் உள்ளே வர வழி குறைவு, தனி ஆட்டத்தோடு குழு ஆட்டமும் கலந்திருக்கிறது என்பவைதான் சொல்லப்பட்ட குறைகள். 2026-ல்தான், முதல் பத்து இடங்களுக்கு மட்டும் புள்ளி கொடுக்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் தரவரிசை ஒரு வாசல் மட்டும்தான். யு.எஸ். ஓப்பனை ஒருமுறை வென்றால் அதிலேயே பத்து வருடம் இடம். மற்ற மூன்று மேஜர்களில் ஐந்து வருடம். டிஷாம்போ 2020-ல் விங்ட் ஃபுட் மைதானத்தில் யு.எஸ். ஓப்பனை வென்றவர். பைன்ஹர்ஸ்டுக்குள் அந்தச் சீட்டோடுதான் வந்தார், யார் தயவும் தேவைப்படவில்லை. மாஸ்டர்ஸ் வென்றவருக்கு அங்கே ஆயுசுக்கும் அழைப்பு.

எதுவும் இல்லாதவர் தகுதிச் சுற்றில் வரலாம்: முதலில் 18 ஹோல், அடுத்த கட்டத்தில் ஒரே நாளில் 36 ஹோல். தொழில்முறை ஆட்டக்காரர் யாரும் வரலாம். அமெச்சூர் என்றால் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்; சின்னதாக இருந்தால் நல்ல ஆட்டம்) 0.4-க்கு மேல் இருக்கக் கூடாது. 2025 முதல் யு.எஸ். ஓப்பனும் பிரிட்டன் ஓப்பனும் லிவ் பட்டியலின் முன்வரிசையில் நின்று வேறு வழியில் இடம் கிடைக்காத ஒருவருக்கென்று தனி இடம் ஒதுக்கின.

பட்டுக்கோட்டை: லிவ் என்றால் என்ன அர்த்தம்?

ரோமன் எண்ணில் 54. மூன்று நாள், நாளுக்கு 18 ஹோல். 2026-லிருந்து அவர்களும் 72 ஹோலுக்கு மாறிவிட்டார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை.

திருவையாறு: கடைசி ஹோலில் டிஷாம்போ மணலிலிருந்து அடித்ததைப் பெரிதாகச் சொல்கிறார்களே. நமக்கு மணல் புதுசா? காவிரி மணலில் பழகினால் வராதா?

வரும், பாதி. முதலில் அந்த ஷாட்.

பதினெட்டாவது ஹோலில் அவர் டிரைவ் (தொடக்க ஷாட்) இடப்பக்கம் புதர் மண்டிய மணற்காட்டில் விழுந்தது. அங்கிருந்து வெட்டி எடுத்ததில் பந்து, க்ரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) முன்னால் இருக்கும் பங்கரில் (மணல் பள்ளம்) போய் உட்கார்ந்தது. குழி 55 கஜ தூரம். அங்கிருந்து நாலு அடிக்குள் கொண்டுவந்து வைத்தார்.

க்ரீனை ஒட்டிய பங்கர் ஷாட்டில் கிளப் (கோல்ஃப் மட்டை) பந்தைத் தொடவே தொடாது. பந்துக்கு ஒன்றரை, இரண்டு அங்குலம் பின்னால் மணலில் இறங்கும். மணல்தான் பந்தைத் தூக்கிப் போடும். அது பத்துப் பதினைந்து கஜத்துக்குச் சரி. நூறு கஜம் என்றால் பந்தை முதலில் தொட்டு, ஃபேர்வேயில் (க்ரீனுக்குப் போகும் புல்வழி) அடிப்பதுபோல அடித்துவிடலாம். 55 கஜம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். கிளப் முகத்தை அகலத் திறக்காமல் ஏறக்குறைய நேராக வைத்து, மணலில் இறங்கும் இடத்தைப் பந்துக்கு அருகே கொண்டுவந்து, வேகத்தையும் கூட்ட வேண்டும். அரை அங்குலம் கூடுதலாகப் பின்னால் இறங்கினால் பந்து பங்கரிலேயே கிடக்கும். அரை அங்குலம் குறைந்து பந்தின் வயிற்றில் பட்டால் க்ரீனைத் தாண்டிக் கூட்டத்துக்குள் போகும். சாதாரண ஆட்டக்காரர்கள் சாண்ட் வெட்ஜை (மணலுக்கான கிளப்) வைத்துவிட்டு 52 டிகிரி வெட்ஜையோ ஒன்பதாம் எண் இரும்பையோ எடுத்து, சின்ன பங்கர் ஷாட் மாதிரியே அடிப்பது உத்தமம். கிளப் மாறட்டும், வீச்சு மாற வேண்டாம்.

இப்போது மணல். பங்கரில் போடுவது பெரும்பாலும் 0.25 முதல் 1 மில்லிமீட்டர் வரை உள்ள சலித்த மணல். அடித்தளத்தில் நாலிலிருந்து ஆறு அங்குல ஆழம். ஆற்று மணலில் பொடியும் பருக்கையும் வண்டலும் கலந்திருக்கும். தண்ணீர் வடிந்த மேல்மணல் பொலபொலவென்று இருக்கும். ஒரு சாண் கீழே ஈரம் இறுகிக் கிடக்கும். பொலபொல மணலில் கிளப் புதைந்துவிடாமல் இருக்க, அடிப்பாகச் சாய்வு (பவுன்ஸ் என்பார்கள்) 12, 14 டிகிரி வேண்டும். இறுகின மணலில் அதே கிளப் எகிறிக் குதித்துப் பந்தின் நடுவில் மோதும்; அங்கே 8 டிகிரி போதும். எனவே பழகலாம், ஆனால் எந்த மணலில் நிற்கிறோம் என்று காலால் அழுத்திப் பார்த்துக்கொண்டு பழகுங்கள். போட்டியில் பங்கருக்குள் கையாலோ கிளப்பாலோ மணலைச் சோதித்தால் தண்டனை. காலை ஊன்றி நிற்கும்போது தெரிந்துகொள்வது மட்டும் செல்லும்.

பாபநாசம்: பைன்ஹர்ஸ்ட் க்ரீனில் பெர்முடா புல் என்கிறார்கள். அது நம் ஊரில் கிடைக்குமா?

உங்கள் வரப்பில் இருக்கிறது, பிள்ளையாருக்குச் சாத்துகிறீர்கள். பெர்முடா புல் என்பது அருகம்புல்தான். மைதானத்துக்கு அதன் குட்டை ரகங்களைத் தேர்ந்தெடுத்து, மில்லிமீட்டர் கணக்கில் ஒட்ட வெட்டுகிறார்கள். அருகு படர்ந்து ஓடும் திசை உண்டல்லவா, அதே திசையில் பந்தை உருட்டினால் வேகமாக ஓடும். எதிர்த்து உருட்டினால் நின்றுவிடும். பைன்ஹர்ஸ்டில் இன்னொரு வினையும் உண்டு. க்ரீன்கள் ஆமை ஓடு மாதிரி நடுவில் மேடு, சுற்றிலும் சரிவு. ஓரத்தில் விழுந்த பந்து உள்ளே நிற்காமல் வழிந்து வெளியே வந்துவிடும். மெக்கில்ராய் 16-வது ஹோலில் இரண்டரை அடி தூர ‘பட்’ (குழிக்குள் பந்தை உருட்டும் ஷாட்) ஒன்றையும், 18-ல் நாலு அடிக்கும் குறைவான ‘பட்’ ஒன்றையும் தவறவிட்டார். குழியின் அகலம் நாலேகால் அங்குலம். சரிவில், ஓட்டமான க்ரீனில், அது டிவியில் தெரிவதைவிடச் சின்னது.

திருவாரூர்: லிவில் எவ்வளவு பணம்?

தொடக்கத்தில் ஒரு போட்டிக்கு இரண்டரைக் கோடி டாலர். அதில் வென்றவருக்கு 40 லட்சம், கடைசி ஆளுக்கு 1,20,000. கட் கிடையாது என்பதால் கடைசி ஆளுக்கும் காசு நிச்சயம். ஒப்பிட: 2024 யு.எஸ். ஓப்பனில் டிஷாம்போ வாங்கியது 43 லட்சம் டாலர்.

வேதாரண்யம், பேராவூரணி, வலங்கைமான்: எவ்வளவு பணம்?

மேலே.

கும்பகோணம்: இதெல்லாம் நம் ஐசிஎல் கதைதானே அண்ணே? அன்றைக்கு பிசிசிஐ செய்ததைத்தான் இன்றைக்கு பிஜிஏ டூர் செய்கிறது.

பாதி சரி. 2007-ல் இந்தியன் கிரிக்கெட் லீக் வந்தது; சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் முதல் இருபது ஓவர் கோப்பையை வென்றது. போனவர்களை பிசிசிஐ ஒதுக்கியது. 2009-ல் பொதுமன்னிப்பு கொடுத்ததும் அம்பதி ராயுடு போன்றவர்கள் திரும்பினார்கள். ஆனால் கிரிக்கெட்டில் நாட்டு அணி, மைதானம், உள்ளூர்ப் போட்டி எல்லாம் ஒரே வாரியத்தின் கையில். வாரியம் சாத்தினால் எல்லாக் கதவும் சாத்தியது. கோல்ஃபில் டூர் தன் கதவைத்தான் சாத்த முடியும்.

மயிலாடுதுறை: கும்பகோணத்துக்காரருக்கு ஆதரவாகப் பேசுகிறீர்கள். ஆட்டக்காரர் டூரின் சம்பளக்காரர் இல்லை, தனி ஆள். குத்தகைக்காரன் இன்னொருத்தர் நிலத்தையும் உழுதால் மிராசுதார் என்ன கேட்பது?

குத்தகைச் சீட்டில் எழுதியிருந்தால் கேட்கலாம். டூர் நடக்கும் வாரத்தில் வேறிடத்தில் ஆட முன்அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியில் கையெழுத்துப் போட்டுத்தான் உறுப்பினராகிறார்கள். லண்டன் போட்டிக்கு அனுமதி கேட்டார்கள், டூர் மறுத்தது, மீறிப் போனார்கள்.

மயிலாடுதுறை: ஆஸ்திரேலிய டிவி முதலாளி பாக்கர் தனியாக கிரிக்கெட் நடத்தினாரே, அந்த வழக்கில் நீதிமன்றம் என்ன சொன்னது? தொழில் செய்வதைத் தடுக்க முடியாது என்றுதானே?

ஆமாம். 1977 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் கெர்ரி பாக்கர் ஆட்டக்காரர்கள் மீதான தடை செல்லாது என்றது. நல்ல பாயிண்ட். ஆனால் அதே இங்கிலாந்தில் 2023 ஏப்ரலில், லிவில் ஆடியவர்களுக்கு ஐரோப்பிய டூர் விதித்த ஒரு லட்சம் பவுண்டு அபராதம் செல்லும் என்று விளையாட்டுத் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. ஆட்டக்காரர்களே ஒன்றுகூடி எழுதிக்கொண்ட விதிக்கு ஓரளவு மரியாதை கிடைத்தது. அமெரிக்காவில் மிக்கெல்சன் உட்பட 11 பேர் 2022 ஆகஸ்டில் போட்ட வழக்கு தீர்ப்பு வரை போகவே இல்லை.

கும்பகோணம்: ஏன் போகவில்லை? பயமா?

2023 ஜூன் 6-ல் டூரும் சவூதி நிதியும் கைகுலுக்கி உடன்பாடு அறிவித்தார்கள், வழக்குகள் வாபஸ். ஒரு வருடமாகச் சவூதிப் பணத்தைத் திட்டி, விசுவாசமாக நின்ற ஆட்டக்காரர்களுக்கே அன்று காலைவரை தெரியாது. இந்தச் சண்டையில் டூர் மேல் எனக்குள்ள பெரிய குறை தடை இல்லை, இதுதான்.

மயிலாடுதுறை: அப்படியானால் நான் சொன்னது சரி.

இல்லை. கும்பகோணமும் சரி இல்லை. அடுத்த கேள்வி.

சீர்காழி: சவூதிக் காசு வாங்குவது தப்பா?

மனித உரிமைக் கேள்வி நியாயமானது, ஆட்டக்காரரிடம் கேட்கலாம். ஆனால் கேட்கிறவர்கள் அதே நிதியின் கையிலிருக்கும் நியூகாசில் கால்பந்து அணியையும் சேர்த்துக் கேளுங்கள்.

தஞ்சாவூர்: நம் நாட்டுக்காரர் யாராவது?

அனிர்பன் லாஹிரி. 2022-ல் லிவுக்குப் போனார். டிஷாம்போவின் கிரஷர்ஸ் அணி. மேஜரில் அவருடைய சிறந்த இடம் அதற்கெல்லாம் முன்பு, 2015 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் ஐந்தாவது, சமநிலையில். அது டூர் நடத்தியது அல்ல, மேலே சொன்னேன்.

ஒரத்தநாடு: லிவில் இருந்துகொண்டே மேஜர் வென்ற முதல் ஆள் டிஷாம்போவா, கேமரன் ஸ்மித்தா?

இருவரும் இல்லை. ஸ்மித் 2022 ஜூலையில் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓப்பனை வென்ற பிறகுதான் போனார். முதல் ஆள் புரூக்ஸ் கெப்கா, 2023 மே, ஓக் ஹில், பிஜிஏ சாம்பியன்ஷிப்.

குடவாசல்: யு.எஸ். ஓப்பன் கடைசி நாள் நமக்கு எத்தனை மணிக்கு?

ஜூன் மூன்றாம் ஞாயிறு. கிழக்குக் கரையில் நடந்தால், கடைசி பட் நமக்குத் திங்கள் விடியற்காலை நாலரை மணி வாக்கில். மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களுக்குச் சௌகரியமான நேரம்.

நன்னிலம்: பிஜிஏ டூர் நினைத்தால் லிவ்காரர்களை பிஜிஏ சாம்பியன்ஷிப்பிலிருந்தாவது தூக்கிவிடலாம் அல்லவா? அது அவர்களுடையதுதானே?

மன்னார்குடிக்காரருக்குச் சொன்ன பதில், இரண்டாவது பத்தி.