கால்சியம் குளோரைடில் இரண்டு குளோரின்: அது பல்லணு அயனியா?

கேள்வி: மகள் 9-ஆம் வகுப்பு படிக்கிறாள். "கால்சியம் குளோரைடில் ரெண்டு குளோரின் இருக்கு, அப்போ அது பல்லணு அயனிதானே?" என்று கேட்கிறாள். விடைத்தாளில் அது தப்பு என்று அடித்திருக்கிறது. ஓரணு, பல்லணு என்பதை எதை வைத்துப் பிரிப்பது? (வாசகர், நாங்குநேரி)

பதில்: மின்சுமை ஏறிய அணுவோ அணுக்கூட்டமோதான் அயனி. அந்த இரண்டு குளோரினும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கால்சியம் இரண்டு எலக்ட்ரான்களை விடுகிறது. இரண்டு குளோரினும் ஆளுக்கொன்றாக வாங்கிக்கொள்கின்றன. தண்ணீரில் கரைத்தால் ஒரு கால்சியம் அயனி, தனித்தனியாக இரண்டு குளோரைடு அயனி. மூன்றுமே ஓரணுதான். கரைந்த பிறகு ஒரே மின்சுமையோடு திரிவது ஓர் அணுவா (ஓரணு), சேர்ந்த கூட்டமா (பல்லணு) என்றுதான் பார்க்க வேண்டும்.

பதநீர்க் கலயத்தில் தடவுகிற சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. இதில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சகப்பிணைப்பால், அதாவது எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு, ஒட்டியிருக்கின்றன, கரைத்தாலும் பிரியாது. ஆகவே ஹைட்ராக்சைடு பல்லணு. வேதி வாய்ப்பாட்டில் ஓ, எச் இரண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டு, வெளியே கீழே 2 எழுத வேண்டும். அடைப்புக்குறியை விட்டால் ஆக்சிஜன் ஒன்று, ஹைட்ரஜன் இரண்டு என்றாகிவிடும். பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

வயலுக்குப் போடும் அம்மோனியம் சல்பேட்டில் இரண்டு பக்கமுமே பல்லணு. அம்மோனியத்தில் நைட்ரஜனுக்கு 7 புரோட்டான், நான்கு ஹைட்ரஜனுக்கு 4, ஆக 11. எலக்ட்ரான் 10, எனவே மின்சுமை +1. அந்த +1 நைட்ரஜனுக்கு மட்டும் உரியதல்ல, மொத்தக் கூட்டத்துக்கும் உரியது. சல்பேட்டில் 48 புரோட்டான், 50 எலக்ட்ரான், எனவே −2. (இந்த உரத்தோடு சுண்ணாம்பைக் கலந்துவிடாதீர்கள். ஹைட்ராக்சைடு அம்மோனியத்திடமிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடுங்கிக்கொள்ளும்; மிச்சம் அம்மோனியா வாயுவாக மூக்கில் ஏறும். தழைச்சத்து காற்றோடு போகும்.)

பார்த்தவுடன் சொல்ல, அயனியின் ஆங்கிலக் குறியீட்டில் பெரிய எழுத்துகளை எண்ணச் சொல்லுங்கள். ஒரு தனிமத்தின் குறியீட்டில் பெரிய எழுத்து ஒன்றுதான். குளோரினில் சி பெரிது, எல் சிறிது. கார்பனேட்டில் சி, ஓ இரண்டும் பெரிது. இரண்டு தனிமம், பல்லணு. ஓ-வைச் சின்னதாக எழுதிவிட்டால் அது கோபால்ட்!

பெயரின் கடைசியும் உதவும், ஆனால் முழுக்க நம்ப முடியாது. நைட்ரேட், நைட்ரைட், சல்பேட் எல்லாம் பல்லணு. குளோரைடு, ஆக்சைடு, சல்பைடு ஓரணு. அதே 'ஐடு' ஈற்றோடு வரும் ஹைட்ராக்சைடும் சயனைடும் பல்லணு.

எழுத்து எண்ணும் வழியும் சில இடங்களில் ஏமாற்றும். நைட்ரைடிலும் அசைடிலும் நைட்ரஜன் மட்டும்தான். நைட்ரைடில் 3 மேலே, கழித்தல் குறியோடு நிற்கும், அது மின்சுமை. அசைடில் 3 கீழே நிற்கும். அது அணுக்களின் எண்ணிக்கை, மேலே வெறும் கழித்தல் குறி. முன்னது ஓரணு, பின்னது பல்லணு. பெராக்சைடும் இதே ரகம்: இரண்டு ஆக்சிஜன் சேர்ந்து −2.

ஒரு பயிற்சி. ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது கலங்கல் தெளியப் போடும் படிகாரத்தைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பொட்டாசியம் ஒன்று, அலுமினியம் ஒன்று, இரண்டும் ஓரணு. 1+3 என நேர்மின்சுமை 4. அதை ஈடுகட்ட −2 உள்ள சல்பேட் இரண்டு, அடைப்புக்குறியோடு. ஒட்டியிருக்கும் 12 நீர் மூலக்கூறுகள் அயனியே அல்ல.