எக்ஸ்ரே நார்மல், ஆனால் வலி போகவில்லை: கேள்வி பதில்

ஓடுகிறவர்களுக்கு எலும்பில் வரும் மயிரிழை விரிசல் (ஸ்ட்ரெஸ் பிராக்சர்) பற்றியும், அதற்கு எந்த ஸ்கேன் எடுப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். நான் கதிரியக்க மருத்துவர். உங்கள் காலைத் தொட்டுப் பார்க்காமல் சொல்கிற பதில்கள் இவை, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர், போலீஸ் தேர்வுக்காக இரண்டு மாதமாக ஓடுகிறேன். முழங்காலுக்குக் கீழே, உள்பக்க எலும்பில் பத்து நாளாக வலி. எக்ஸ்ரே நார்மல் என்றார்கள். அப்படியானால் எலும்பில் ஒன்றும் இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது தம்பி. ஆரம்பத்தில் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாத அளவுக்கு நுண்ணியது. பெரும்பாலும் நாங்கள் படத்தில் பார்ப்பது விரிசலையே அல்ல, அதை அடைக்க உடம்பு போடும் புது எலும்பைத்தான். அது தெரிய இரண்டு, மூன்று வாரம் ஆகும். சிலருக்குக் கடைசிவரை தெரியாமலே ஆறிவிடுவதும் உண்டு. பத்தாம் நாள் எக்ஸ்ரே நார்மலாக வந்ததில் ஆச்சரியம் இல்லை.

எலும்பின் மேல் விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரே இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்குச் சுருக்கென்று வலித்தால் விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் ஷின் ஸ்பிளின்ட் (விரிசல் இல்லாமல், ஓட்டத்தால் கீழ்க்கால் எலும்பின் ஓரம் நொந்துபோவது) ஆக இருக்க வாய்ப்பு அதிகம். இது முடிவான சோதனை இல்லை, ஆனால் நானும் இதைத்தான் முதலில் கேட்பேன்.

தேர்வுக்கு இன்னும் மாதங்கள் இருந்தால் ஓட்டத்தை இன்றே நிறுத்திவிட்டு, மூன்று வாரம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுங்கள். நீங்கள் சொல்லும் இடம் பொதுவாக ஓய்விலேயே ஆறிவிடும். தேதி நெருங்கிவிட்டது, ஓடலாமா கூடாதா என்று இப்போதே தெரிந்தாக வேண்டும் என்றால் எம்.ஆர்.ஐ. எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. வலி எலும்பின் முன்விளிம்பில், நட்டநடுவில் இருந்தால் கதை வேறு. அங்கே வரும் விரிசல் லேசில் ஆறாது, காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.

ஒரு பழைய கதை. 1855-இல் பிரஷ்யப் படையின் மருத்துவர் பிரைட்ஹாப்ட், அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைக் குறித்து வைத்தார். காரணம் எலும்பு என்று அப்போது யாருக்கும் தெரியாது. எக்ஸ்ரே 1895-இல் வந்து, அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் அது விரிசல் என்று படத்தில் தெரிந்தது. ஆட்சேர்ப்புக்காகத் திடீரென்று ஓட ஆரம்பிக்கும் பிள்ளைகளின் கால்களில் இன்றும் அதே கதைதான்.

அப்படியானால் எக்ஸ்ரே எதற்கு? நேராக எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமே?

எக்ஸ்ரேக்குச் செலவு குறைவு. பாதத்துக்கு எடுத்தால் உடம்பில் படும் கதிர்வீச்சு, ஒரு நாளில் இயற்கையிலிருந்து நமக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. அதைவிட முக்கியம், கிருமித்தொற்று, கட்டி போன்ற வேறு காரணங்களையும் அது காட்டிக்கொடுக்கும். அதனால் முதல் படம் பெரும்பாலும் எக்ஸ்ரேதான். அதோடு நின்றுவிடுவதுதான் தப்பு.

எனக்கு 41 வயது. மாரத்தானுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. ஓடும்போது தொடை இடுக்கில் வலி, இப்போது நடந்தாலும் வலிக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதியிருக்கிறார். ஓட்டம் முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இன்றைக்கே எடுங்கள். எடுக்கும் வரை அந்தக் காலில் பாரம் போடாதீர்கள், ஊன்றுகோல் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசல் இருந்தால், அது ஒரு நாள் முழுதாக முறிந்து விலகிவிடலாம். அப்படி விலகினால், அந்த எலும்பின் உச்சியில் உள்ள பந்து போன்ற பகுதிக்குப் போகும் ரத்த ஓட்டம் கெட்டு, இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டிய நிலை வரலாம். கழுத்தின் கீழ்ப்பக்க விரிசல் பல நேரம் ஓய்விலேயே ஆறும். மேல்பக்க விரிசலுக்குப் பெரும்பாலும் ஸ்குரூ போட வேண்டிவரும். எந்தப் பக்கம் என்று எம்.ஆர்.ஐ. சொல்லிவிடும். இதற்கு மை ஊசி தேவையில்லை, கதிர்வீச்சும் இல்லை.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘ஸ்டிர் படத்தில் மஜ்ஜை நீர்க்கோவை, முறிவுக்கோடு இல்லை’ என்று இருக்கிறது. முறிவு இல்லையென்றால் ஓடலாம்தானே?

ஸ்டிர் என்பது கொழுப்பின் வெளிச்சத்தை அமுக்கிவிட்டு எடுக்கும் படம். அதில் நீர் மட்டும் வெள்ளையாகத் தெரியும். எலும்பு அடி வாங்கி மஜ்ஜையில் நீர் கோத்திருக்கிறது, கோடு இன்னும் விழவில்லை என்று அர்த்தம். விழுவதற்கு முன்பே பிடித்துவிட்டீர்கள், அவ்வளவுதான். இப்போது நிறுத்தினால் சில வாரங்களில் திரும்பலாம், ஓடிக்கொண்டே இருந்தால் கோடு விழும்.

ஒரு எச்சரிக்கை: வலியே இல்லாத ஓட்டக்காரர்களிடமும் இந்த வெள்ளை தெரிவதுண்டு. வலிக்கும் இடமும் வெள்ளையான இடமும் ஒன்றாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு. அதனால்தான் வலிக்கும் இடத்தில் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையை பிளாஸ்திரி போட்டு ஒட்டி ஸ்கேனுக்குள் அனுப்புவதுண்டு. கொழுப்பை அமுக்காத படத்தில் பளிச்சென்று தெரியும். கேலியாக இருக்கும், ஆனால் நல்ல அடையாளம்.

போன் ஸ்கேன் (எலும்பு ஸ்கேன்) எடுக்கச் சொன்னார்கள். பழையதா அது?

பழையதுதான், கெட்டதில்லை. டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்தை ஊசியாகப் போட்டு, சுமார் மூன்று மணி நேரம் கழித்துப் படம் எடுப்பார்கள். விரிசலை நன்றாகப் பிடிக்கும், ஆனால் கட்டியும் தொற்றும்கூட அதே மாதிரி ஒளிரும். உடம்பு முழுக்கக் கதிர்வீச்சு வேறு. எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதவர்களுக்கு இன்றும் உதவும்.

காலில் பழைய டைட்டானியம் ராடு இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

பெரும்பாலும் எடுக்கலாம். ராடைச் சுற்றியுள்ள பகுதி மட்டும் படத்தில் கலங்கும். பேஸ்மேக்கர் இருந்தால் கட்டாயம் முன்பே சொல்லிவிடுங்கள்.

என் மகனுக்கு 16 வயது, வேகப்பந்து வீசுகிறான். ஒரு மாதமாக இடுப்புக்கு மேலே, இடது பக்கம் வலி.

வலது கைப் பந்துவீச்சாளருக்கு இடது பக்கம் வருவதுதான் வழக்கம். முதுகெலும்பின் பின்வளைவில் விரிசலாக இருக்கலாம். இந்த வயதில் எம்.ஆர்.ஐ.யில் ஆரம்பியுங்கள். விரிசல் உறுதியானால், ஆறியதா என்று பார்க்கத் தேவைப்படும்போது மட்டும் அந்த ஒரு இடத்துக்கு சி.டி. எடுக்கலாம். எலும்பின் கோட்டைக் காட்டுவதில் சி.டி.க்கு நிகர் இல்லை, ஆனால் பதினாறு வயதுப் பையனின் வயிற்றுப் பகுதிக்குக் கதிர்வீச்சைக் கணக்கில்லாமல் கொடுக்கக் கூடாது. 2019-இல் பும்ராவின் கீழ்முதுகு விரிசல்கூட வழக்கமான ஸ்கேன் பரிசோதனையில்தான் தெரியவந்தது. படம் வரும்வரை பையன் பந்து வீச வேண்டாம்.

அம்மாவுக்கு 68 வயது. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை, ஏழு வருடமாக. இப்போது தொடையில் வலி. மூட்டு வலி என்று முழங்காலுக்குப் படம் எடுத்தார்கள்.

முழங்கால் மட்டும் போதாது. இந்த மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களில் மிகச் சிலருக்குத் தொடை எலும்பின் வெளிப்பக்கத்தில் விரிசல் விழும். எக்ஸ்ரேயில் அந்த இடம் பறவையின் சிறு அலகு போலப் புடைத்துத் தெரியும். இடுப்பிலிருந்து முழங்கால் வரை, இரண்டு தொடைகளுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். மறுபக்கமும் சேர்ந்து வருவதுண்டு. தெளிவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் எழுதிக்கொடுத்த மருத்துவரை இந்த வாரமே பாருங்கள்.

எண்ணெய் போட்டு நீவி விட்டால் சரியாகுமா?

விரிசல் மேல் நீவ வேண்டாம்.

பாத நடு எலும்பில் விரிசல், ஆறு வாரம் ஓய்வு முடிந்தது. திரும்ப ஓடுவதற்கு முன் இன்னொரு எம்.ஆர்.ஐ. வேண்டுமா?

வேண்டாம். வலி போன பிறகும் படத்தில் வெள்ளை மாதக்கணக்கில் இருக்கும், பார்த்துவிட்டு வீணாகப் பயப்படுவீர்கள். அழுத்தினால் வலியில்லை, வேகமாக நடந்தால் வலியில்லை, அந்த ஒற்றைக்காலில் குதித்தாலும் வலியில்லை என்றால் மெதுவாக ஆரம்பிக்கலாம். விரிசல் இருந்தது பாதத்தின் மேல்வளைவில் உள்ள நேவிகுலர் எலும்பில் என்றால் மட்டும் இந்தப் பதில் பொருந்தாது. அதற்கு சி.டி. எடுத்து, கோடு மூடியதைப் பார்த்த பிறகுதான் ஷூ போட வேண்டும்.